மழையில் பேச்சு நிற்கும் வண்டிகள்

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக் கேரளத்துப் புனலூருக்குப் போகும் லாரி அது. ஆடி மாதம். செங்கோட்டை வரை ஒரு குறையும் இல்லை. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது சாரல் கனத்து மழையானது. ஸ்பீடாமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஏபிஎஸ் என்ற பிரேக் பாதுகாப்பு விளக்கு, என்ஜின் விளக்கு, புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியாவின் விளக்கு எல்லாம் ஒன்றாக எரிந்தன. இழுவை போய்விட்டது. கோட்டைவாசலில் ஓரங்கட்டி, சாவியை அணைத்து அணைத்துப் போட்டு, ஒருவழியாக ஆரியங்காவுக்கு இறங்கியிருக்கிறார் டிரைவர். மறுநாள் வெயிலில் திரும்பும்போது வண்டியில் எந்தக் குறையும் இல்லை.

என்னிடம் வருவதற்கு முன்பே வேறொரு பட்டறையில், வண்டி பதிந்து வைத்த கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். மீட்டர் போர்டும் ஏபிஎஸ்ஸும் ஒரே குரலில் ‘என்ஜின் ஈசிஎம்மிடமிருந்து தகவல் வரவில்லை’ என்று பதிந்து வைத்திருந்தன. அதைப் படித்தவர்கள், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம்மையே மாற்றிவிட்டார்கள். அரை லட்சத்துக்கு மேல் செலவு. அடுத்த மழைக்கு அதே வளைவு, அதே கூத்து.

“அண்ணாச்சி, மழ பெஞ்சா மட்டுந்தான் இப்படிப் பண்ணுது. வெயிலடிச்சா ஒண்ணும் இல்ல” என்றார் டிரைவர். பாதி நோய் அந்த ஒரு வரியிலேயே இருந்தது. முன்பு பார்த்த இடத்திலும் இதைத்தான் சொன்னாராம்; காதில் வாங்க ஆள் இல்லை.

இருபது வருஷத்துக்கு மேலாகச் செங்கோட்டையில் வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளும் வண்டி முதலாளிகளும் அதிகம் பணம் இழப்பது இந்த வகைக் கோளாறில்தான். ஸ்கேனரில் ஒரு பெட்டியின் பெயர் வந்தவுடன் அந்தப் பெட்டி செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஸ்கேனர் காட்டும் அந்தக் கோளாறு எண்ணை நாங்கள் ‘கோடு’ என்போம். அந்தக் கோடு உண்மையில் ஒரு புகார். கூட்டத்துக்கு வந்தவர்கள், வராத ஒருவரைப் பற்றிச் சொல்லும் புகார். வராதவர் வீட்டில் நோயாகக் கிடக்கலாம். வழியில் பாலம் உடைந்திருக்கலாம். கூட்டத்தில் யாரோ போட்ட கூச்சலில் அவர் பேசியது கேட்காமலே போயிருக்கலாம். இவற்றில் எது என்று கோடு சொல்லாது.

முதலில், இந்தப் பெட்டிகள் ஏன் பேசிக்கொள்ள வேண்டும்? பழைய அம்பாசிடரில் ஹெட்லைட்டுக்கு ஒரு ஒயர், ஹாரனுக்கு ஒரு ஒயர், வெப்பமானிக்கு ஒரு ஒயர் என்று போனால் போதும். இன்றைய வண்டியில் சக்கரத்தின் வேகம் ஏபிஎஸ்ஸுக்குத் தெரிய வேண்டும். அதே வேகம் மீட்டருக்கும், என்ஜினுக்கும், கியர் பெட்டிக்கும், கதவு தானாகப் பூட்டுவதற்கும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் இழுத்தால் வண்டிக்குள் ஒயர்தான் இருக்கும், ஆள் உட்கார இடம் இருக்காது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கு ஒரு வழி தேடத் தொடங்கியது. 1986 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் ‘கேன்’ என்ற முறையை அறிவித்தது. மறு வருஷமே இன்டெல் அதற்கான சில்லு செய்தது. 1991இல் மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் வகுப்புக் காரில் அது வந்தது. 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற உலகத் தரமானது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாக் கார்களும் ஸ்கேனரோடு கேன் வழியாகவே பேச வேண்டும் என்று ஆனது. நம் நாட்டு லாரிகளில் 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த வலை பலமடங்கு பெருத்துவிட்டது. சைலன்சரில் உட்கார்ந்து புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சரும், யூரியா டாங்குக்குள் இருக்கும் தர சென்சரும்கூடப் பல வண்டிகளில் கேனில் பேசுகின்றன.

கேன் என்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர். ஒன்று ஹை, மற்றது லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் நிற்கும். ஒரு பெட்டி பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்கும் பெட்டி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது. ஹாரனோ ஸ்டார்ட்டரோ ஏதாவது இரைச்சலை உள்ளே தள்ளினால், ஒயர்கள் முறுக்கியிருப்பதால் அது இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். வித்தியாசம் மாறாது, பேச்சு கெடாது. ‘இது என்ன, ரெண்டு ஒயரைச் சும்மா முறுக்கி வச்சிருக்கான்’ என்று முறுக்கைப் பிரித்து நீளமாக இழுத்து ஒட்டுப்போட்டு வரும் வண்டிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த முறுக்குதான் வலையின் கவசம்.

இந்த ஜோடியின் இரண்டு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பல வண்டிகளில் அது பெட்டிக்குள்ளேயே புதைந்திருக்கும். சில லாரிகளில் தனி கப்ளராக, அதாவது ஒயர்களை இணைக்கும் சொருகியாக, சேசிஸில் தொங்கும். கார்களில் பெரும்பாலும் நொடிக்கு 500 கிலோபிட் வேகம், அதாவது ஒரு பிட்டுக்கு 2 மைக்ரோ நொடி. லாரிகள் பலவற்றில் ஜே1939 என்ற முறை, 250 கிலோபிட். அந்த வேகத்தில் சிக்னல் ஒயரின் கோடியில் மோதி எதிரொலித்துத் திரும்பும். அதை விழுங்கத்தான் அந்தத் தடை.

எல்லோரும் ஒரே ஜோடியில் பேசினால் மோதாதா? எங்கள் மலைப் பாதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குறுகிய வளைவில் எதிரெதிராக இரண்டு வண்டி வந்தால், மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். கேனிலும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் உண்டு. இரண்டு பெட்டிகள் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் சிறிய எண் வெல்லும். பெரிய எண் உடனே வாயை மூடி, வழி கிடைக்கும்வரை காத்திருந்து மறுபடி சொல்லும். முக்கியமான செய்திகளுக்குச் சிறிய எண் தந்திருப்பார்கள். ஜெயித்த செய்திக்கு ஒரு பிட்கூடச் சேதம் வராது. இதை யோசித்தவர்களின் அறிவை நினைத்து இன்றைக்கும் வியக்கிறேன்.

இதைவிட அழகான ஏற்பாடு ஒன்றும் உள்ளே இருக்கிறது. கோளாறு பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் தன் தவறுகளைத் தானே எண்ணுகிறது. அனுப்பியது கெட்டால் கணக்கில் 8 ஏறும். சரியாகப் போனால் 1 இறங்கும். கணக்கு 127ஐத் தாண்டினால் அந்தப் பெட்டி அடக்கி வாசிக்கத் தொடங்கும். 255ஐத் தாண்டினால் வலையிலிருந்து தானாகவே விலகிக்கொள்ளும். ஆக, தொடர்ந்து 32 முறை அனுப்பியது கெட்டாலே ஒரு பெட்டி ஊமையாகிவிடும். ஒருவன் பிதற்றி ஊரையே கெடுத்துவிடக் கூடாது என்று வைத்த காவல் இது. இதில் ஒரு விளைவு உண்டு: ஒயரில் கசிவு இருந்தால் அடிக்கடி பேசுகிற பெட்டிதான் அடிக்கடி கெடும், அதுவே சீக்கிரம் விலகும். வண்டியில் அதிகம் பேசுவது என்ஜின் ஈசிஎம். அந்தக் காய்கறி லாரியில் எல்லோரும் ஈசிஎம்மைக் காணோம் என்று சொன்னதன் சூட்சுமம் இங்கேதான்.

இனி கோடுகள். கார்களில் தொடர்புக் கோளாறு என்றால் ‘யூ’ எழுத்தில் தொடங்கும். யூ0100 என்றால் என்ஜின் ஈசிஎம் பேசவில்லை. யூ0101 கியர் பெட்டியின் பெட்டி, யூ0121 ஏபிஎஸ், யூ0140 பாடி கண்ட்ரோல், யூ0155 மீட்டர் போர்டு. யூ0073 வந்தால் வலையே விழுந்திருக்கிறது என்று பொருள். ஜே1939 லாரிகளில் எஸ்பிஎன் 639 என்று வலையைப் பற்றியே ஒரு எண் வரும். கோட்டைப் படித்ததும் நான் செய்கிற முதல் வேலை, ஒரு தாளில் யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று எழுதுவது. எல்லோரும் ஒருவரைச் சொன்னால், அந்தப் பெட்டியின் சப்ளை, எர்த், அதற்குப் போகும் கிளை. எல்லோரும் எல்லோரையும் சொன்னால் நடுத்தண்டு, அதாவது எல்லோருக்கும் பொதுவான ஒயர் ஜோடி. ஒரு பெட்டி மற்ற எல்லோரையும் காணோம் என்று சொல்ல, மற்றவர்களும் அதைக் காணோம் என்றால், பெட்டி உயிரோடுதான் இருக்கிறது, அதன் கேன் கிளை அறுந்திருக்கிறது. ஸ்கேனரோடு எதுவுமே பேசவில்லை என்றால், அவசரப்படாமல், ஸ்கேனர் மாட்டும் 16 பின் கப்ளரில் 16ஆம் பின்னுக்குச் சப்ளையும், 4, 5ஆம் பின்களுக்கு எர்த்தும் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பியூஸ் போனதற்கு நாள் பூரா ஒயரை அவிழ்த்தவர்கள் உண்டு.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புனலூர், அஞ்சல், கொட்டாரக்கரை பக்கமிருந்து வரும் கார்களில் கணிசமானவை வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர்களுடையவை. வருஷத்தில் பத்து மாதம் போர்ட்டிகோவில் நிற்கும். ஊருக்கு வந்த அன்று ஸ்டார்ட் பண்ணினால் பேட்டரி இறங்கி, கிராங்க் செய்யும்போது ஒவ்வொரு பெட்டியாக மயங்கி விழும். அப்போது ஆளாளுக்கு மற்றவர்களைக் காணோம் என்று எழுதி வைத்துவிடும். ஸ்கேனர் போட்டால் பதினைந்து யூ கோடு. அவ்வளவும் பழைய கதை. பேட்டரியைச் சரிசெய்து, கோடுகளை அழித்து, ஓட்டிவிட்டு, திரும்ப வருவதை மட்டும் பார்க்க வேண்டும். இதே கார்களில் எலியும் உண்டு. ரப்பர்த் தோட்டத்து மழைக்காலத்தில் அதற்குக் காய்ந்த, கதகதப்பான வீடு என்ஜின் பெட்டிதான். கேன் ஜோடியில் ஒன்றை மட்டும் கடித்து வைத்திருக்கும். மேலே டேப் முழுசாக இருக்கும்.

அடுத்தது மல்டிமீட்டர். ஈசிஎம் மாற்றுவதற்கு முன் யாராக இருந்தாலும் பார்த்தே தீர வேண்டிய ஒரு அளவு இருக்கிறது. பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். பெட்டிகள் தூங்கச் சில நிமிஷம் விடுங்கள். கப்ளரில் 6ஆம் பின் ஹை, 14ஆம் பின் லோ. ஒன்பது பின் லாரி கப்ளரில் சி, டி. இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60. 60 வந்தால் தண்டு முழுசாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஹையும் லோவும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 வந்தால் யாரோ மூன்றாவது தடையைச் சேர்த்துவிட்டார்கள். வேறு வண்டியின் பெட்டியை மாற்றி மாட்டிய இடங்களில் இது நடக்கும்.

60 வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. நடுவில் பிரியும் கிளை ஒன்று அறுந்திருந்தால் 60 அப்படியே இருக்கும், அந்தக் கிளைப் பெட்டி மட்டும் ஊமை. புதுக் கார்களில் 6, 14 பின்கள் நேராக வலைக்குப் போவதில்லை. கேட்வே என்ற காவல் பெட்டியோடு நின்றுவிடும். அங்கே எந்த அளவு வந்தாலும் என்ஜின் வலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே அந்த வண்டியின் ஒயரிங் படம் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. படத்துக்குக் கொடுக்கிற காசை வீண் செலவு என்று நினைக்கிறவர்கள், மாற்றிய ஒரு ஈசிஎம்மின் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

சாவியைப் போட்டு வோல்ட் பார்த்தால், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். ஹை 2.5க்குக் கொஞ்சம் மேலே, லோ கொஞ்சம் கீழே, இரண்டையும் கூட்டினால் 5க்குப் பக்கம். இரண்டும் அசையாமல் 2.5இல் நின்றால் யாரும் பேசவில்லை, அல்லது இரண்டும் ஒட்டியிருக்கின்றன. ஹை பூஜ்யத்தில் கிடந்தால் எங்கோ பாடியில் உரசுகிறது. வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு: ஹை மேலே குதிக்கும் ஒவ்வொரு முறையும் லோ கீழே குதிக்க வேண்டும், குளத்துக் கரை மரமும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் போல. நிழல் கலங்கியிருந்தால் அந்த ஒயர்தான் குற்றவாளி.

எர்த்தைப் பார்க்கும்போது ‘பீப்’ சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. எட்டிழைச் செம்பில் ஏழு இழை போய் ஒன்று மிஞ்சினாலும் பீப் அடிக்கும். வண்டி ஓடும்போது பெட்டியின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த்தைக் கழற்றித் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

இனி லாரிக்கு வருகிறேன். என்னிடம் வந்த அன்று வெயில். ஓம் பார்த்தால் அழகாக 60. கோடுகளை அழித்தேன், திரும்ப வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் ‘எல்லாம் சரியா இருக்கு, போயிட்டு வாங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேட முடியாது. மழையில் வருகிறது என்றால் நாம் மழையை வரவழைக்க வேண்டும். செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் தண்ணீர் பிடித்தேன். மல்டிமீட்டரை ஓமில் வைத்துக் கேன் பின்களில் மாட்டி டிரைவர் கையில் கொடுத்தேன். “எண்ணு மாறுனா சத்தம் குடுங்க” என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு கப்ளராக நனைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்தால் எது என்று தெரியாது. முன்பக்கம் ஒன்றும் இல்லை. கியர் பெட்டிப் பக்கம் ஒன்றும் இல்லை. யூரியா டாங்குத் தலையில் இருக்கும் கப்ளரை நனைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, “அண்ணாச்சி, அம்பது... நாப்பத்தஞ்சு... ஆடுது” என்று குரல் வந்தது.

கப்ளரைக் கழற்றினேன். எண் திரும்ப 60இல் போய் நின்றது. உள்ளே வெள்ளைப் பொடி, அதன் அடியில் பச்சைக் களிம்பு. வண்டிக்கு ஊற்றும் யூரியா திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து நேராகச் சாய்த்து ஊற்றும்போது சிந்தி டாங்குத் தலையில் ஓடி, கப்ளரின் ரப்பர் வளையம் நைந்த இடத்தில் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் காய்ந்து பொடியாகிவிட்டால் மின்சாரம் கடத்தாது. மழையில் பொடியும் களிம்பும் கரைந்தவுடன் சப்ளை பின், கேன் பின்கள் எல்லாவற்றுக்கும் நடுவே கசிவு. அந்தச் சின்ன சென்சர் தன் பெயர் எங்கும் வராமல் முழு வலையையும் படுக்கவைத்திருந்தது. அதிகம் பேசும் ஈசிஎம் முதலில் ஒதுங்கியது, மற்றவை அதன் மேல் புகார் எழுதின. புது கப்ளர், புதுப் பின்கள், களிம்பு ஏறிய அரை அடி ஒயர், வேலைக் கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவு, மாற்றிய ஈசிஎம்மின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பணம் டிரைவரின் வீட்டுப் பணம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஒட்டுப்போடும்போது பழைய இடத்திலிருந்து களிம்பு இல்லாத செம்பு தெரியும்வரை ஒயரை வெட்டிவிட வேண்டும்; களிம்பு உறைக்குள்ளேயே ஏறிப்போகும். ஹை, லோ இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி வர வேண்டும். முறுக்கு பிரிந்த நீளம் இரண்டு விரல் அகலத்தைத் தாண்டக் கூடாது. பசை உள்ள ஸ்லீவைச் சூடாக்கிப் போட வேண்டும். இந்த மழைக்கு வெறும் டேப் ஒரு பருவம்கூடத் தாங்காது. டெஸ்ட் லேம்ப்பைக் கேன் ஒயரில் வைக்கவே கூடாது. ஒயரின் உறையை ஊசியால் குத்தி வோல்ட் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்: இன்று குத்திய ஓட்டை அடுத்த ஆடியில் களிம்பாகி நிற்கும். ஏர்பேக் கப்ளர்களைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிக் காத்திருக்க வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது.

பாடி கட்டும் இடத்தில் பேட்டரியையும் பெட்டிகளையும் கழற்றாமல் வெல்டிங் வைப்பதும், ஜிபிஎஸ் மாட்டுகிறவர்கள் சப்ளைக்காகக் கையில் கிடைத்த ஒயரைச் சீவித் திருகி விடுவதும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி நடக்கின்றன. புதிதாக ஏதாவது மாட்டிய பிறகு வலை விழுந்தால், முதலில் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அந்த லாரி இப்போதும் வாரம் மூன்று நடை புனலூர் போகிறது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நீள மூக்குப் புனல் வைத்திருக்கிறார். யூரியா ஊற்றியதும் டாங்குத் தலையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் விட்டுத் துடைக்கிறார். போன ஐப்பசி அடைமழையில் எஸ் வளைவில் நின்றபடி போன் பண்ணினார். பின்னால் வைப்பர் ஓடும் சத்தம் கேட்டது. “ஏறும்போது முள்ளு நாப்பதுல நின்னுச்சு அண்ணாச்சி, விளக்கு ஒண்ணும் எரியல” என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்.